மணலுக்கடியில் நல்ல தண்ணீர்

கற்பிட்டியைக் குடாநாடு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒல்லாந்தர் தங்கள் வரைபடங்களில் அதைத் தீவு என்றே எழுதினார்கள். பகல் முழுக்கச் சைக்கிளில் அதன்மேல் ஓடிவிட்டு வந்த எனக்கு ஒல்லாந்தர் சொன்னதுதான் சரியென்று படுகிறது. மேற்கே திறந்த கடல். கிழக்கே 327 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புத்தளம் களப்பு. வடக்கே களப்பின் வாயும், அதில் சிதறிக் கிடக்கும் தீவுகளும். தெற்கே மட்டும் தரைத்தொடர்பு இருப்பதாகப் படத்தில் தெரியும். ஆனால் அங்கேயும் களப்பின் அடிமுனையிலிருந்து முந்தல் ஏரி வரைக்கும் ஒரு கால்வாய் ஓடுகிறது. நாலு பக்கமும் நீரால் வளைக்கப்பட்ட, சில கிலோமீட்டர் அகலமே உள்ள நீண்ட மணல்திட்டு அது.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு சாலையைத்தான் பார்க்கலாம். இந்த நிலத்தின் உயிர் சாலையில் இல்லை. சாலையின் இருபுறமும் பிரிந்து போகிற ஒழுங்கைகளில் இருக்கிறது. இடக்கைப்பக்க ஒழுங்கை கடலில் போய் முடியும், வலக்கைப்பக்க ஒழுங்கை களப்பில் போய் முடியும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கச் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. புத்தளத்து நண்பர் ஒருவர் தம்முடைய லுமாலா சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத் தந்தார். அவர் சொன்ன ஒரே புத்திமதி காற்றைப் பற்றியது. "ஜூலை மாசம். காத்து தெற்கேயிருந்து தள்ளும். போறது சுகம். திரும்பி மிதிக்க நினைக்காதீங்க, லொறி பிடிச்சு வாங்க."

சோழகக் காற்று பற்றி அவர் சொன்னது அப்படியே நடந்தது. விடியப் புறப்பட்டு பாலாவியில் மேற்கே திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது உப்பளம். சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டி, களப்பின் நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து எடுக்கும் பழைய தொழில். இலங்கையில் அம்பாந்தோட்டையைப் போல உப்புக்குப் பேர்போன கரை இது. காலை ஏழு மணிக்கே பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. வரம்பில் நின்ற பெண்கள் முகத்தைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மழை பிழைத்தால் உழவன் அழுவான். இங்கே மழை பெய்தால் உப்புத் தொழிலாளி அழுவாள். ஒரே மழை இந்தச் சாலையின் தொடக்கத்தில் நட்டமாகவும் பத்துக் கிலோமீட்டர் தள்ளி உயிராகவும் இருக்கிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை, பின்னர்தான் விளங்கியது.

உப்பளம் முடிந்ததும் தென்னந்தோப்பு, பனை, கிடுகு வேலி, பள்ளிவாசல் மினாரா, மாதா சொரூபம் வைத்த கண்ணாடிக் கூண்டு, சிறிய கோயில், மறுபடி மினாரா. நடுச்சாலையில் கழுதைகள். புத்தளக் கரையிலும் மன்னாரிலும் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரிவதை இலங்கையர் எல்லோரும் அறிவார்கள்; அரபு வணிகர் கொண்டுவந்த பொதி கழுதைகளின் வழிவந்தவை என்பது ஊர்ச்சொல். வாகனச் சத்தத்துக்கு அவை அசைவதில்லை. சைக்கிள் மணிக்கு மட்டும் காதைத் திருப்பின.

தேத்தண்ணிக் கடை ஒன்றில் இறங்கினேன். மரவாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பருப்பு வடையும். கடையை நடத்தியவர் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு சக்கரையும் தந்துவிட்டு, "எந்த ஊரு மகன்?" என்றார். "யாழ்ப்பாணம் உம்மா." "சைக்கிளையா அங்கேருந்து மிதிச்சு வந்த?" என்று சிரித்தார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். 1990 ஒக்டோபர். கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த சனம். "மன்னார்லருந்து வள்ளத்துல வந்து இறங்குனாங்க. நனைஞ்ச உடுப்போட. புள்ளைகளுக்குக் காய்ச்சல். பள்ளிவாசல்ல இடமில்ல, பள்ளிக்கூடத்துல இடமில்ல. எங்க வீட்டுல சோத்துப் பானைய அடுப்புலருந்து எறக்கவே இல்ல மகன், எத்தனை நாளுன்னு ஞாபகமில்ல."

வடக்கில் பிறந்த தமிழன் இந்தச் சாலையில் போகும்போது இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டு வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, நகை, பத்திரம் எல்லாம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நம் பெயரால் நடந்த கொடுமை அது. நம்மில் பலர் அன்று வாய் திறக்கவில்லை. போனவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த இடம் இந்தப் புத்தளம் மாவட்டம். முகாம்கள் கிடுகுக் கொட்டிலாகத் தொடங்கி, தகரமாகி, கல்வீடாகி, இன்று ஊராகிவிட்டன. 2009க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள். பலருக்குத் திரும்பிப் போக அங்கே எதுவும் மிஞ்சவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ இதுதான் ஊர். தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தபோது அந்த அம்மா வாங்க மறுத்தார். நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நுரைச்சோலையை நெருங்கும்போது தோட்டங்கள் தொடங்குகின்றன. கற்பிட்டியை மீனுக்கும் கருவாட்டுக்கும் மட்டும் அறிந்தவர்கள் இதைக் கண்டு வியப்பார்கள். வெறும் கடல்மணலில் சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட், புகையிலை. பாத்திக்குப் பாத்தி தூவற்குழாய் சுழன்று நீர் தெளித்துக்கொண்டிருக்கிறது. காற்று அந்தத் துளிகளைச் சாலைவரை கொண்டுவந்து முகத்தில் அடிக்கிறது. வெயிலில் மிதிப்பவனுக்கு அது பெரிய சுகம்.

வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் சைக்கிளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். மன்னாரிலிருந்து சிறுவனாக வந்தவராம். குத்தகை நிலம். "நானா, இந்த மணல்ல எப்படி விளையுது?" என்று கேட்டேன். கையில் ஒரு பிடி மணலை அள்ளி விரல் இடுக்கில் ஒழுகவிட்டார். "பாத்தீங்களா தம்பி? இந்த மண்ணு எதையும் பிடிச்சு வச்சிருக்காது. காலையில இறைச்சா பகலுக்குக் காஞ்சிரும். பின்னேரமும் இறைக்கணும். பசளையும் அப்பிடித்தான். போட்டதுல பாதி பயிருக்கு, பாதி கீழ." கீழே என்றால் எங்கே என்று கேட்டேன். தோட்டத்து மூலையில் இருந்த கிணற்றைக் காட்டினார். எட்டிப் பார்த்தால் ஆளுயரத்துக்குள் நீர் தெரிந்தது. அந்த நீரைக் குடிப்பீர்களா என்றதற்குத் தலையை ஆட்டினார். "முந்தி குடிச்சோம். இப்ப கேன்ல வாங்குறோம்."

இந்த மணல்திட்டில் ஆறு கிடையாது. வெளியிலிருந்து நன்னீர் வந்து சேர வழியும் இல்லை. வானத்திலிருந்து விழும் மழைதான் ஒரே வரவு. அது மணலில் இறங்கி, கீழே இருக்கும் உவர் நீரோடு உடனே கலந்துவிடாமல், கனம் குறைந்த காரணத்தால் குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பது போல மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பாகவும் கரையோரங்களில் மெலிந்தும் இருக்கும் அந்த நன்னீர்ப் படலத்தை நம்பித்தான் இங்கே எல்லாமே நடக்கிறது. அளவோடு இறைத்தால் அடுத்த மாரி அதை நிரப்பிவிடும். மோட்டார் வைத்து அளவு மீறி உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். இன்னொரு வினையும் உண்டு. மணல் எதையும் வடிகட்டித் தடுப்பதில்லை. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய யூரியாவின் நைத்திரேற்று நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிய அளவை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே கண்டு எழுதி வருகிறார்கள். அது நிறமில்லாதது, மணமில்லாதது, காய்ச்சினாலும் போகாதது. பால்மாவில் கலந்து ஊட்டினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். இதை நாக்கு கண்டுபிடிக்காது.

அந்தத் தோட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பம் ஒன்று, குத்தகை மணலில், இன்றைய விலை நாளைக்கு நிற்காத வெங்காயத்தை நம்பி நிற்கிறது. பசளை குறைந்து விளைச்சல் விழுந்தால் அந்தப் போகத்துக் கடனை யார் அடைப்பது?

நுரைச்சோலையிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது லக்விஜய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 2006இல் கட்டத் தொடங்கி, முதல் 300 மெகாவாட் 2011இலும், முழு 900 மெகாவாட் 2014இலும் நாட்டுக்குக் கிடைத்தது. சீனக் கடனில், சீன நிறுவனம் கட்டியது. இலங்கையின் மின்சாரத்தில் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது. இதில் ஓர் இயந்திரம் நின்றாலும் கொழும்பு விளக்குகளின் கதி பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிடும். கப்பலில் வரும் நிலக்கரியைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் இறக்க முடியும். சோழகக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால், முன்னரே இறக்கிக் குவித்த கரிமலையிலிருந்து எடுத்து எரிக்கிறார்கள். அதே சோழகம்தான் கரித்தூளையும் சாம்பலையும் ஊர்ப்பக்கம் அள்ளி வருகிறது என்பது சுற்றுக் கிராமத்தாரின் நெடுநாள் முறைப்பாடு. என் சைக்கிளை விருப்போடு தள்ளிவந்த காற்று அது. பக்கத்திலேயே, மாம்புரியில், அதே காற்று காற்றாலைகளைச் சுற்றுகிறது. 2010இல் அங்கே நிறுவப்பட்டவை இந்நாட்டின் முதல் தனியார் காற்றாலைகளில் சேரும். அண்ணாந்து பார்த்தபடி அவற்றின் அடியில் சற்று நேரம் நின்றேன். கரிமலையையும் காற்றாலையையும் ஒரே மிதியில் பார்த்துவிட முடிகிற ஊர் இலங்கையில் வேறு எங்கும் இருக்கும் என்று தோன்றவில்லை. காற்றாலைகள் இன்னும் நூறு வந்தாலும் எனக்குச் சம்மதமே.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகும் பாதை மரநிழலாக இருந்தது. வறுமைப்பட்ட போர்த்துக்கேய வழிப்போக்கன் ஒருவன் இங்கே ஆலமரத்தடியில் உறங்கியபோது கனவில் அன்னம்மாள் தோன்றினாள் என்பது தலபுராணம். மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் ஆண்டுக்கு இருமுறை திருவிழா. இலட்சக்கணக்கில் கூடும் சனத்தில் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருப்பார்கள். ஜூலையில் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மாதத் திருவிழாவுக்காகத் துப்புரவு நடந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையம் வரவிருந்த காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடுமையாக எதிர்த்ததற்கு இந்தத் தலம் அருகிருந்ததும் ஒரு காரணம். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளைவரம் கேட்டு வந்த இளம் தம்பதி முழந்தாளிட்டிருந்தார்கள். பின்பக்கம் இறங்கினால் கடல். அலை ஆளுயரத்துக்கு எழுந்து விழுந்தது.

அதற்கு வடக்கே சைக்கிளை மிதிக்கவே தேவைப்படவில்லை. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஆலங்குடா, கண்டக்குழிக் கரையை அடைந்தபோது வானம் முழுக்கப் பட்டங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இளைஞர்கள் பலகையில் நின்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்நீரில் வழுக்கிப் போகிறார்கள். மே முதல் ஒக்டோபர் வரை இது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியதும் டொல்பின் பார்க்க வருவோரின் பருவம். நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களும், ஆழ்கடலில் திமிங்கிலங்களும். கரைக்கு அப்பால் இருக்கும் பவளப்பாறைத் தொடர் 1992இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல் சூடேறிய 1998இலும் 2016இலும் அதன் பவளங்கள் வெளுத்து மடிந்தன.

விடுதிக்காரர்களோடு மீனவர்களுக்கு உரசல் இருக்கிறது. கற்பிட்டியையும் களப்பு வாயிலுள்ள 14 தீவுகளையும் பெரிய சுற்றுலா வலயமாக்கும் அரசாங்கத் திட்டம் வந்தபோது, கரைவலை இழுக்கும் இடமும் கருவாடு காயப்போடும் இடமும் வேலிக்குள் போய்விடும் என்று மீனவக் குடும்பங்கள் போராடின. வாடி ஒன்றின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் அதைக் கேட்டேன். "வெள்ளக்காரன் வரட்டும் தம்பி, அவனால நம்ம பொடியன்மாருக்கும் உழைப்பிருக்கு. கரைய மட்டும் அடைச்சிராம இருந்தாச் சரி" என்றார். இதைவிட நியாயமான சுற்றுலாக் கொள்கையை நான் எந்த அறிக்கையிலும் வாசித்ததில்லை.

பகல் இரண்டு மணியளவில் கற்பிட்டி நகரம். மீன்வாடை, ஐஸ்பெட்டி ஏற்றிய சிறு லொறிகள், மும்மொழியும் கேட்கும் கடைத்தெரு. ஒரு தட்டுச் சோறும் பாரை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனேன். ஒல்லாந்தர் 1667இலிருந்து 1676 வரை கட்டியது, பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது; சிப்பாய் ஒருவர் கூடவே வந்து சுற்றிக்காட்டினார். கொத்தளத்தில் ஏறி நின்றால் இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பது தானாக விளங்கும். களப்பின் வாசல் காலடியில் கிடக்கிறது. கண்டி அரசனின் பாக்கு புத்தளம் வழியாகத்தான் வெளியே போனது, இந்தியத் துணி உள்ளே வந்தது. இந்த வாசலைப் பூட்டியவன் கையில் கண்டியின் வியாபாரம். 1795இல் ஆங்கிலேயர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால், 1344இல், மொரோக்கோவிலிருந்து உலகம் சுற்றிய இப்னு பதூதா இந்தப் புத்தளக் கரையில்தான் ஒதுங்கினார். அப்போது இங்கே ஆட்சி செய்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீகம் தெரியுமென்றும், முத்துக்களைக் காட்டினாரென்றும், தாம் சிவனொளிபாத மலை எனும் பாவாத மலைக்குப் போக மட்டுமே உதவி கேட்டதாகவும், அரசர் பல்லக்கும் துணையாட்களும் தந்தனுப்பியதாகவும் பதூதா எழுதிவைத்தார். யாழ்ப்பாணத்துத் தமிழரசன் அந்நிய முஸ்லிம் ஒருவரைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிய கரை இது. காலையில் அந்த அம்மா சொன்ன வள்ளங்களும் இதே கரைக்குத்தான் வந்தன.

கற்பிட்டி தமிழுக்குத் தந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைமன் காசிச்செட்டி 1807இல் இங்கே பிறந்தார். 27 வயதில், 1834இல், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், சாதிகள், கோயில்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு கசற்றியர் வெளியிட்டார். 1859இல் வந்த அவருடைய 'தமிழ் புளூராக்', சுமார் இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறு. அந்த வகையில் முன்னோடி நூல். மறு ஆண்டே காலமானார். பல்கலைக்கழகமோ பெரிய நூலகமோ இல்லாத ஒரு மணற்கரையில் பிறந்த ஒருவர், உப்புக்காற்றில் ஏடு தேடி, இவ்வளவையும் சேர்த்தார். 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தின் முன்னால் நின்று அவரை நினைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதிய காரணத்தால் தமிழ் மாணவர்கள் அவரை அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அது நீங்க வேண்டிய குறை.

இறங்குதுறையில் தீவுகளுக்குப் போகும் படகுகள் நின்றன. உச்சமுனைக்கும் பத்தலங்குண்டுக்கும் அரிசி, மண்ணெண்ணெய், பிஸ்கட் பெட்டிகள் ஏறின. அவற்றோடு வரிசையாக நீலக் கேன்கள். குடிதண்ணீர்.

பின்னேரம் தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் லொறியொன்றின் சாரதி மூட்டைகளுக்கு மேலே சைக்கிளைக் கட்டிவிட்டு என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார். காலையில் மணிக்கணக்கில் வந்த தூரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தம்புள்ளையிலிருந்து அந்த வெங்காயம் நாடெங்கும் பிரிந்து போகும். சம்பலில் கடிக்கும் ஒவ்வொரு வெங்காயத்துக்குள்ளும் கற்பிட்டியின் நன்னீர் இருக்கிறது. ஆகவே அந்தத் தண்ணீர் கெடுவது அந்தக் குடாநாட்டாரின் பிரச்சினை மட்டும் அல்ல.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிணற்றையும் சோதித்து, அளவை வீட்டுக்காரரிடமே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். பசளையை ஒரேயடியாகப் போடாமல் சிறுகச் சிறுகப் போடவும், சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மாறவும் தோட்டக்காரருக்குக் கடனும் வழிகாட்டலும் கொடுக்க வேண்டும். விடுதிகள் இறைக்கும் நீருக்குக் கணக்கு வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நல்ல தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இதற்கு அரசாங்கம் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

நீங்கள் கற்பிட்டிக்குப் போங்கள். முடிந்தால் சைக்கிளில், சோழகக் காலத்தில், தெற்கிலிருந்து வடக்கே. தோட்டக்காரரோடு நின்று பேசுங்கள், தேத்தண்ணிக் கடையில் உட்காருங்கள். தங்கும் விடுதியில் குழாயைத் திறப்பதற்கு முன், இந்த நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அந்தக் கிணற்றை யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.